விறைப்பு போனால் நடை வருமா? முதுகுத்தண்டுக்குள் மருந்து!

சேதராப்பட்டு:
சில குடும்பங்களில் அப்பாவுக்கு வந்த கால் விறைப்பு மகனுக்கும் வருகிறது. நடந்தால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னுகின்றன. செருப்பு முனை தேய்கிறது. தொழிற்பேட்டையில் நின்றபடி ஷிப்டு பார்ப்பவருக்கு வந்தால் பிழைப்பே போச்சு!

காத்து கருப்பு இல்லை. மூளையின் கட்டளையைக் காலுக்குக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் கெடுவதால் வரும் பரம்பரை வியாதி. சொந்தத்திலேயே பெண் எடுக்கும் வீடுகளில் சில வகைகளுக்கு வாய்ப்பு அதிகம்.

பாக்லோபென் மாத்திரை விறைப்பைத் தளர்த்தும். டோஸ் கூடினால் தூக்கம் அமுக்கும். 1984-ல் அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் பென் குழுவினர் மருந்தை நேராக முதுகுத்தண்டு நீரில் விட்டுக் காட்டினர். மாத்திரையில் நூறில் ஒரு பங்கே போதும். இன்று வயிற்றுத் தோலுக்கடியில் பம்பு வைத்து, குழாய் வழியே செலுத்துகிறார்கள்.

இங்கேதான் சிக்கல்! தசைக்குப் பலம் இல்லை; அந்த விறைப்புதான் பல பேரை நிமிர்த்தி நிறுத்துகிறது. அது முழுசாகப் போனால் முட்டி மடங்கி ஆள் தொப்பென்று விழுவார். அதனால் முதலில் ஒரு சோதனை ஊசி. சில மணி நேரம் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கணுக்கால், முட்டி இளகும். நடையின் வேகம் எல்லாருக்கும் கூடுவதில்லை.

பம்பு விலை லட்சங்களில். சில மாதத்துக்கொரு முறை மருந்து நிரப்பணும். திடீரென்று நின்றால் கடும் காய்ச்சல், உயிருக்கே ஆபத்து!

கோரிமேடு ஜிப்மரில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. போகும் முன் பாட்டியைக் கேளுங்கள்: நம்ம வீட்டில் வேறு யார் இப்படி நடந்தார்கள்?