எலியட் கவுண்டியின் இரண்டு ஜனநாயகக் கட்சிகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கு மலைப்பகுதியில் இருக்கிறது எலியட் கவுண்டி. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பகுதி. ஆனால் எலியட்டின் மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம்தான். 1869இல் உருவான இந்தக் கவுண்டி, 1872 முதல் 2012 வரை நடந்த 36 அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியையே முதலிடத்தில் வைத்தது. குடியரசுக் கட்சியின் நிக்சன் 1972இலும் ரீகன் 1984இலும் தலா 49 மாநிலங்களை அள்ளியபோதும் எலியட் அசையவில்லை. ஆனால் 2016இல் அதே குடியரசுக் கட்சியின் டிரம்ப்புக்கு அங்கே சுமார் 70 சதவீத வாக்குகள் விழுந்தன. ஒன்றரை நூற்றாண்டு விசுவாசம் ஒரே நாளில் சரிந்தது என்று பலரும் வியந்தார்கள். அந்த விசுவாசம் யாருக்கானது என்று கேட்டால் வியப்பு குறைந்துவிடும். எலியட்டில் ஜனநாயகக் கட்சி என்ற ஒரே பெயரில் இரண்டு கட்சிகள் இருந்தன: ஒன்று உள்ளூருடையது, மற்றொன்று வாஷிங்டனுடையது.

உள்ளூர்க் கட்சிக்கு உயிர் கொடுத்தது தேர்தல் விதி. கென்டக்கியில் ஷெரிஃப் எனப்படும் கவுண்டிக் காவல் தலைவர் முதல் சிறைக் கண்காணிப்பாளர் வரை பல பதவிகளுக்குக் கட்சி அடிப்படையில் தேர்தல் உண்டு. வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதற்கட்ட வாக்கெடுப்பில், அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களே வாக்களிக்கலாம். ஒரே கட்சி கோலோச்சும் ஊரில் உண்மையான போட்டி அந்த முதற்கட்டத்திலேயே முடிந்துவிடும். ஷெரிஃபைத் தேர்ந்தெடுப்பதில் தன் குரலும் எடுபட வேண்டும் என்று நினைப்பவர், கொள்கை எதுவானாலும் ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்துகொள்வதே புத்திசாலித்தனம். எந்தக் கட்சி கோலோச்சும் என்பதை வரலாறு முடிவுசெய்தது. அதே மலைப்பகுதியில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்கை ஆதரித்த ஜாக்சன் கவுண்டி, தலைமுறை தலைமுறையாகக் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்துவந்தது. இரண்டு இடத்திலும் மக்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், ஏழைகள். அவர்களைப் பிரித்தது, முக்கியமாக, போர்க்காலத்தில் தொடங்கி வழிவழியாக வந்த சார்பு. வாஷிங்டன் கட்சியோடும் கொடுக்கல்வாங்கல் இல்லாமல் இல்லை. 1930களில் ரூஸ்வெல்ட் ஆட்சி கொண்டுவந்த புகையிலை ஒதுக்கீடும் விலை ஆதரவும் கென்டக்கியின் சிறு விவசாயிகளைத் தாங்கிப் பிடித்தன. 2004இல் சட்டம் இயற்றி அந்த ஏற்பாடு முடித்துவைக்கப்பட்டபோது ஒரு பிடிமானம் போயிற்று.

ஒபாமா என்ற கறுப்பின வேட்பாளர் வந்ததுதான் சரிவுக்குக் காரணம் என்பாரும் உண்டு. இதை ஒதுக்கிவிட முடியாது. நாடு முழுவதும் ஜனநாயகக் கட்சி முன்னேறிய 2008இல், எலியட்டில் அதன் பங்கு சுமார் 70 சதவீதத்திலிருந்து 61ஆகக் குறைந்தது. 2012இல் 49ஐ ஒட்டி நின்றது. ஆனாலும் இரண்டு முறையும் அங்கே ஜெயித்தவர் ஒபாமாதான். பெரும்சரிவு வந்தது, வெள்ளையரான ஹிலரி கிளின்டன் நின்ற 2016இல். நிலக்கரி, துப்பாக்கி, கருக்கலைப்பு ஆகியவற்றில் தேசியக் கட்சியின் நிலைப்பாடு மலைப்பகுதி மக்களின் மனநிலையிலிருந்து விலகிக்கொண்டே போனதை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் சொன்னால் கணக்கு உதைக்கும். ஏழ்மைதான் கோபத்தைக் கிளப்பியது என்பதும் போதாது. கட்சி மாறாத காலத்திலும் அங்கே ஏழ்மை இருந்தது.

2016க்குப் பின் நடந்தவை இந்த இரட்டைத்தன்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2019 ஆளுநர் தேர்தலில் அதே எலியட், ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியரைத் தேர்ந்தெடுத்தது. கவுண்டித் தலைநகரான சாண்டி ஹூக்கைச் சேர்ந்த ராக்கி ஆட்கின்ஸ், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாநில அவையில் ஜனநாயகக் கட்சி உறுப்பினராக இருந்தார். கருக்கலைப்பை எதிர்த்தவர், நிலக்கரிக்காக வாதாடியவர். பெஷியரின் ஆலோசகராகச் சேர அவர் பதவி விலகியதும், 2020 இடைத்தேர்தலில் அந்தத் தொகுதி குடியரசுக் கட்சிக்குப் போனது. உள்ளூர்க் கட்சி உயிரோடிருந்தது உண்மை. அது தெரிந்த முகங்களை நம்பியே உயிரோடிருந்தது என்பதும் உண்மை. ஒரு முகம் விலகினால் அதற்கான வாக்கு கட்சிக்கு மிஞ்சுவதில்லை. ஆகவே ஒரு கிராமப்புறப் பகுதி நூறாண்டாக ஒரே கட்சிக்கு வாக்களிக்கிறது என்பதை மட்டும் பார்த்து, அது அந்தக் கட்சியின் கோட்டை என்று முடிவுகட்டக் கூடாது. அங்கே அந்தக் கட்சியின் பெயரில் யார் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின் யார் என்று பார்த்தால்தான் அடுத்த தேர்தல் புரியும்.