பின்பக்கம் உட்காரும் மூன்று சக்கர பைக்... கம்ப்ரஸரை மாற்றும் முன் சோப்புத் தண்ணீர்!

இரவு ஓட்டல் வாசலில் நிறுத்தும்போது வண்டி நிமிர்ந்துதான் நின்றது. காலையில் பெட்டியோடு வந்து பார்த்தால், பின்பக்கம் இரண்டு விரற்கடை இறங்கிக் கிடக்கிறது. சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்ததும் சீட்டுக்கு அடியில் எங்கோ 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் வண்டி மெல்ல எழுந்துகொள்கிறது. 'அவ்வளவுதான், சரியாகிவிட்டது' என்று மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார் கணவர்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், காஸ்பே தீபகற்பத்தைக் கடலோரமாகச் சுற்றி வரும் 132-ம் எண் சாலை நெடுந்தூரப் பயணிகளுக்குப் பிடித்தமானது. அதில் போகும் மூன்று சக்கர பைக்குகளில் சிலவற்றுக்கு இப்படி ஒரு காலை வரலாம். எழுந்துவிட்டது என்பதால் வண்டி சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை. செலவு வைக்கும் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த வண்டிகளில் பிரபலமானது கேன்-ஆம் ஸ்பைடர். கியூபெக்கின் வால்கோர் ஊரில் பனிவண்டிகள் செய்து பெயர் வாங்கிய பொம்பார்டியே குடும்பத்து நிறுவனத்தின் வழிவந்த பி.ஆர்.பி., 2007-ல் இதை அறிமுகம் செய்தது. நெடும்பயணத்துக்கான ஆர்.டி. மாடல் 2010-ல் வந்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நம் ஆட்டோவைத் திருப்பிப் போட்ட மாதிரி. சிக்னலில் கால் ஊன்றத் தேவையில்லை என்பதால், முழங்கால் வலியோடு இருக்கும் அறுபது வயதுக்காரர்களும் தைரியமாக வாங்குகிறார்கள்.

சிக்கல் அந்த ஒற்றைப் பின்சக்கரத்தில் இருக்கிறது. பின்னால் உட்காருபவரின் எடை, பெட்டிகளின் எடை எல்லாம் பெரும்பாலும் அதன் தலையில்தான். தனியாகப் போகும் நாளுக்கும், ஜோடியாக மூட்டை முடிச்சோடு போகும் நாளுக்கும் நூறு கிலோ வித்தியாசம் வரலாம். அதனால்தான் பின்பக்கம் காற்றுப்பை வைக்கிறார்கள். எடை ஏறினால் காற்றை ஏற்று, இறங்கினால் இறக்கு. விலை குறைந்த மாடல்களில் டயருக்கு இருப்பது போன்ற ஒரு வால்வு வழியாக நாமே காற்றடிக்க வேண்டும். உயர்ந்த மாடல்களில் ஒரு சென்சார் உயரத்தைப் பார்க்க, குட்டி கம்ப்ரஸர் அந்த வேலையைச் செய்துவிடும்.

காற்று இறங்கியதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பின்னால் இருப்பவரின் இடுப்புதான். சின்னப் பள்ளத்துக்கே 'டம்' என்று இடிக்கும். அடுத்தது ஹெட்லைட். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்க வெளிச்சம் மேலே தூக்கும். எதிரில் வருபவர்கள் டிப்பர் அடித்துத் திட்டுவார்கள். மூன்றாவதுதான் கவலைக்குரியது. சஸ்பென்ஷன் அசைய இடமில்லாமல் போனால், மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டுத் துள்ளும். அதுவும் மழையில், ஒரே பின்சக்கரம் உள்ள வண்டியில்!

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், 'கம்ப்ரஸர் போச்சு' என்ற பதில் சீக்கிரம் வந்துவிடும். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், ஏன் போனது? அந்த மோட்டார் அவ்வப்போது சில விநாடிகள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. எங்கோ ஒரு ஊசிமுனைக் கசிவு இருந்தால், விட்டதை ஈடுகட்ட அது திரும்பத் திரும்ப ஓடும். சூடாகி, ஒரு நாள் கருகும். கசிவை அடைக்காமல் புது கம்ப்ரஸர் போட்டால் அதற்கும் அதே கதிதான். பணம்தான் இரட்டைச் செலவு.

ஆகவே, முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இன்ஜின் ஓடும்போது, எடை ஏற்றியும் மோட்டார் சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே, பேட்டரி, ஒயர் இணைப்பு... இந்த வரிசையில் பார்க்கலாம். சத்தம் வருகிறது, வண்டி எழவில்லையா? பெரிய கசிவு, அல்லது மோட்டார் பலவீனம். எழுந்து, ராத்திரியில் மறுபடி இறங்குகிறதா? சின்னக் கசிவு.

சின்னக் கசிவைப் பிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார் இல்லையா, அதே வித்தைதான். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, காற்று நிரம்பியிருக்கும்போதே அடிக்க வேண்டும். முதலில் வால்வு. அதன் உள்ளே இருக்கும் பின் தளர்ந்திருந்தாலே ராத்திரியில் காற்று போய்விடும். மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை. பிறகு பிளாஸ்டிக் குழாய் வந்து சேரும் இரண்டு முனைகள். பிறகு குழாய் சட்டத்தோடு உரசும் இடங்கள். கடைசியாகப் பையின் மடிப்புகள். குமிழி எழும்பும் இடம்தான் குற்றவாளி. குழாயின் நுனி மட்டும் தேய்ந்திருந்தால், நேராக நறுக்கி மறுபடி செருகினாலே பல நேரங்களில் போதும். பையே வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒட்டுப்போடும் ஆசை வேண்டவே வேண்டாம்.

இதற்கு முன் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சாவி போட்டிருக்கும்போது கையை வண்டிக்கு அடியில் விடக் கூடாது. தானாக எழும் வண்டி தானாக இறங்கவும் செய்யும். குழாயைக் கழற்றுவதாக இருந்தால், ஸ்டாண்டில் தாங்கி நிறுத்தி, காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான்.

குமிழியே வரவில்லையா? சென்சாரைப் பார்க்கலாம். சட்டத்துக்கும் பின்சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் நடுவே ஒரு சின்னக் குச்சி இருக்கும். அதன் முனை கழன்றுவிட்டால், வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஏற்றிக்கொண்டே இருக்கும், அல்லது இறக்கிவிடும். பின் டயர் மாற்றிய கையோடு கோளாறு தொடங்கினால், முதல் சந்தேகம் இந்தக் குச்சி மேல்தான்.

குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 20 டிகிரியில் நிரப்பிய காற்று, 0 டிகிரிக்கு வந்தால் அழுத்தத்தில் கிட்டத்தட்ட 7 சதவிகிதம் குறையும். இலையுதிர்காலக் காலையில் வண்டி லேசாகத் தாழ்ந்தால் பதற வேண்டியதில்லை. வெயில் ஏறியும் எழாவிட்டால்தான் கவலை. இன்னொன்று: வண்டி தாழவில்லை, ஆனால் பள்ளம் தாண்டியதும் மூன்று நான்கு முறை ஊஞ்சலாடுகிறது என்றால், காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷாக் அப்சார்பரின் எண்ணெய் தீர்ந்திருக்கிறது.

பயணத்தின் நடுவில் கம்ப்ரஸர் கைவிட்டால்? கையால் நிரப்பும் வால்வு இருக்கும் வண்டிகளில் கைபம்பு காப்பாற்றும். பெட்ரோல் பங்க் காற்றுக்குழாயைச் செருகிவிடக் கூடாது. பைக்குள் கொள்ளும் காற்று மிகக் கொஞ்சம். கண் இமைக்கும் நேரத்தில் அளவு மீறிவிடும். வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும் அளவுதான் வரம்பு. நிரப்பிய பிறகும் வேகத்தைக் குறைத்து, பெட்டிகளில் இருக்கும் கனத்தையும் குறைத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

அங்கே குளிர்காலத்தில் வண்டிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். கவர் போடுவதற்கு முன், பின் மட்கார்டிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து, அந்த எண்ணைக் கராஜ் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கலாம். மறுநாள் காலை ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை அளந்தால், கசிவு இருக்கிறதா என்பது பனி விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.