திண்டுக்கல் மக்களவைத் தொகுதி: சின்னமும் கூட்டணியும்

தமிழகத் தேர்தல் வரலாற்றில் திண்டுக்கல் மக்களவைத் தொகுதி 1973ஆம் ஆண்டு இடைத்தேர்தலால் தனியிடம் பெறுகிறது. அக்காலத்தில் இப்பகுதி மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1985இல்தான் தனி மாவட்டமாயிற்று.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க., 1973 மே மாதம் இங்குத் தன் முதல் வெற்றியைக் கண்டது. அக்கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார். ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாமிடத்தையும், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடத்தையும் பெற்றன. இவ்வெற்றியைக் கொண்டு இத்தொகுதியை அ.தி.மு.க.வின் கோட்டை எனக் கூறுவது வழக்கம். 1977இல் மாயத்தேவர் அதே கட்சியின் சார்பில் மீண்டும் வென்றது இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது.

ஆயின், 1980 தேர்தல் இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. அவ்வாண்டு ஜனவரியில் அதே மாயத்தேவர் தி.மு.க. வேட்பாளராக நின்று வென்றார். தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளுள் 37ஐக் கைப்பற்றிய தேர்தல் அது. எனவே, இவ்வெற்றியை வேட்பாளரின் தனிச்செல்வாக்கால் மட்டும் விளக்கவியலாது. அடுத்த சில மாதங்களில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். மதுரை மேற்குத் தொகுதியில் வென்று, மீண்டும் முதலமைச்சரானார். வாக்காளர் மக்களவைக்கும் சட்டமன்றத்திற்கும் வெவ்வேறு அளவுகோல்களைக் கையாண்டனர் என்பது இதனால் புலனாகிறது.

பிற்காலத்திலும் 1996இல் தமிழ் மாநில காங்கிரசும், 2004, 2009 தேர்தல்களில் காங்கிரசும், 2024இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இங்கு வென்றன. இவை அனைத்தும் தி.மு.க. இடம்பெற்ற கூட்டணிகளின் வெற்றிகளாகும். ஆகவே, 1973ஆம் ஆண்டு முடிவை ஒரு புதிய கட்சியின் தோற்றத்திற்கான சான்றாகக் கொள்ளலாமேயன்றி, தொகுதியின் நிலையான இயல்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.