முத்திரை திருடியவர்கள்

லத்தீன் அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் 'மச்செட்டே' என்ற நீளமான வெட்டுக்கத்தி இல்லாமல் வேலை நடக்காது. ஒரு காலத்தில் அங்கே பேர்போன மச்செட்டே வடக்கே இருந்து, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து கப்பலேறி வந்தது.

செய்தது காலின்ஸ் கம்பெனி. 1826இல் கோடரியில் தொடங்கிய தொழில் அது. கரும்புக்கு ஒரு வடிவம், காடு திருத்த இன்னொரு வடிவம் என்று வாங்குபவரின் விருப்பத்துக்கு ஏற்பப் பிற்காலத்தில் அது கத்திகளை அடித்துக் கொடுத்தது.

பேர் பரவினால் போலி வராமல் இருக்குமா? இங்கிலாந்தில் சிலர் தங்கள் கருவிகளில் காலின்ஸ் முத்திரையைக் குத்தி விற்றார்கள். 1857இல் கம்பெனி அங்கேயே வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பின் வாதம் துணிச்சலானது: இந்த அமெரிக்கக் கம்பெனி இங்கிலாந்தில் சரக்கே விற்பதில்லை, அதற்கு இங்கே என்ன உரிமை? நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏமாற்று வேலைக்கு எதிராக அயல்நாட்டவரும் வழக்காடலாம் என்றது. வணிகமுத்திரைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் அறிந்த தீர்ப்பு இது.

கனெக்டிகட் ஆலை 1966இல் மூடப்பட்டது. இன்று பிரேசிலின் ட்ரமோன்டினா, எல் சால்வடோரின் இமாகாசா போன்ற உள்ளூர் நிறுவனங்களே மச்செட்டே செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றன.