சிறு தொலைகாட்டியும் கோள்களும்: முரசுமோட்டையிலிருந்து ஒரு நோக்கு

வானியல் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளைப் பெரும்பாலும் இரு வகையினுள் அடக்கலாம். பண்டைத் தமிழர் கோள்களை அறிந்திருந்தனர் எனப் பெருமிதம் கொள்வன ஒருவகை. மேலைநாட்டு ஆய்வுநிலையங்களின் முடிபுகளைச் சுருக்கித் தருவன மற்றொருவகை. இவ்விரண்டுக்கும் பொதுவான குறைபாடொன்றுண்டு. வாசகன் தானே வெளியே வந்து வானை நோக்கவேண்டிய தேவை இவற்றிலே எழுவதில்லை. முன்னது பழம்பெருமையை நம்பச் சொல்கின்றது. பின்னது நிபுணரை நம்பச் சொல்கின்றது. நம்புவதற்கும் அறிவதற்குமிடையேயுள்ள வேறுபாட்டை உணர்வதற்குக் கோள்களை நேரே அவதானிப்பது தக்கதொரு பயிற்சி என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பைனோகுலர் என வழங்கும் இருகண் தொலைகாட்டியும், 60 முதல் 100 மில்லிமீற்றர் வரை விட்டமுடைய பொருள்வில்லை பொருந்திய சிறு தொலைகாட்டியுமே போதியவை. 1610 சனவரி 7ஆம் நாள் வியாழனின் அருகே சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்ட கலிலியோவின் கருவி ஏறத்தாழ இருபது மடங்கே உருப்பெருக்கியது. அதன் வில்லைகளோ இன்றைய மலிவான கருவிகளின் வில்லைகளினும் தரங்குறைந்தவை.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், இரணைமடு நீர்பாயும் வயல்கள் சூழ்ந்த முரசுமோட்டை இப்பணிக்கு வாய்ப்பான இடமாகும். கோள்கள் யாவும் சூரியவீதியை ஒட்டியே செல்கின்றன. முரசுமோட்டை வட அகலாங்கு ஒன்பதரைப் பாகையளவில் அமைந்திருத்தலால், சூரியவீதியின் தென்கோடியில் நிற்கும் கோளும் இங்கே அடிவானிலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்துக்கு எழுகின்றது. அதே கோள் இலண்டனில் 15 பாகைக்கு மேல் எழுவதில்லை. அவ்வுயரத்தில் அதன் ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு காற்றைக் கடக்கவேண்டும். இங்கோ ஒன்றேகால் மடங்கினும் குறைவு. காற்றின் கலக்கமே கோள்களின் நுண்விவரங்களைக் குலைக்கும் முதன்மைக் காரணி. ஆதலின், பெருநகரத்து ஆர்வலர் பணங்கொடுத்தும் பெறமுடியாத ஒன்று வன்னி விவசாயியின் வாசலிலே கிடக்கின்றது எனலாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைமுகில் மறைக்கும். காலபோக அறுவடையை ஒட்டிய மாசி, பங்குனி இரவுகள் பெரும்பாலும் தெளிவாகவும் அமைதியாகவும் இருக்கும். சோளகம் வீசும் மாதங்களிற் காற்றடங்கும் பின்னிரவே தக்கது.

கருவியைப் பற்றிய தவறான எண்ணமொன்றை இவ்விடத்திற் களைதல் வேண்டும். உருப்பெருக்கம் மிகுந்தாற் காட்சி மிகும் எனப் பலர் கருதுவர். உண்மையில், பிரித்துக் காட்டும் ஆற்றலைத் தீர்மானிப்பது பொருள்வில்லையின் விட்டமே. 116ஐ விட்டத்தின் மில்லிமீற்றர் அளவால் வகுத்தால், ஒரு கருவி பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய கோணம் வில்செக்கன்களில் ஏறத்தாழக் கிடைக்கும். 60 மில்லிமீற்றர் கருவிக்கு இது 1.9, 100 மில்லிமீற்றர் கருவிக்கு 1.2. விட்டத்தின் மில்லிமீற்றர் அளவைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட உருப்பெருக்கம் மங்கலைப் பெரிதாக்குமேயன்றிப் புதிதாக எதனையும் காட்டாது. கருவியை அரைமணி நேரம் முன்னரே வெளியில் வைத்துக் குளிரவிடுதல், பகல் வெப்பத்தை உமிழும் சீமெந்துத் தரையையும் ஓட்டுக்கூரையையும் தவிர்த்து வயலை நோக்கி நிறுத்துதல், பைனோகுலராயின் தூணிலோ கிணற்றுக்கட்டிலோ முழங்கையை ஊன்றிக்கொள்ளுதல் ஆகியன பயன்தரும். சூரியனை எக்கருவியாலும் நேரே நோக்கலாகாது. கணப்பொழுதிற் கண் அழிந்துவிடும்.

இனி, காணத்தக்கவை எவை? பத்து மடங்கு உருப்பெருக்கும் பைனோகுலரில் வியாழன் புள்ளியாகவன்றிச் சிறு வட்டமாகத் தோன்றும். அயோ, ஐரோப்பா, கனிமீட், கலிஸ்தோ ஆகிய நான்கு துணைக்கோள்களும் இரவுக்கிரவு இடம்மாறுவதைக் காணலாம். நாற்பது மடங்கில் வியாழன் வெறுங்கண்ணுக்கு முழுநிலாத் தோன்றும் அளவினதாகும். அப்போது மத்திய கோட்டின் இருமருங்கும் இரு கபிலநிறப் பட்டைகள் புலப்படும். துருவங்கள் சற்றே தட்டையாயிருத்தலும் தெரியும். அக்கோள் பத்து மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் தன்னைத்தானே சுற்றுவதன் விளைவு அது. 100 மில்லிமீற்றர் கருவியிற் பெருஞ்செம்புள்ளியையும், துணைக்கோளின் நிழல் கருமணியாய் ஊர்ந்து செல்வதையும் நல்ல இரவுகளிற் காணலாம்.

சனியின் வளையம் முப்பது மடங்கிலேயே தெளிவாகும். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கொருமுறை அது நமக்கு விளிம்பைக் காட்டி மறையும். 2025 மார்ச்சில் அவ்வாறு நிகழ்ந்தது. இப்போது அது மெல்ல விரிந்து வருகின்றது. வெள்ளியின் மெல்லிய பிறையைப் பைனோகுலரிலும் காணலாம்; இருள் கவியுமுன் பார்த்தாற் கண்கூச்சம் குறையும். செவ்வாய் மட்டும் பொறுமையைச் சோதிப்பது. ஏறத்தாழ இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறையே அது அணித்தாக வரும். அப்போதும் அதன் அளவு 14 முதல் 25 வில்செக்கன் வரையே. 2035 செப்டெம்பரில் நிகழவிருப்பது மிகச் சாதகமான அணுக்கங்களுள் ஒன்று.

செவ்வாயின் வரலாறு அவதானிப்பின் அரசியலையும் நமக்கு உணர்த்துகின்றது. 1877இல் மிலானில் சியாபரெல்லி அக்கோளின் மேற்பரப்பிற் கோடுகளைக் கண்டார். அவற்றைக் குறிக்க அவர் கையாண்ட இத்தாலியச் சொல்லுக்கு இயற்கை நீரோடை, வெட்டிய கால்வாய் என்னும் இருபொருளும் உண்டு. சுயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டிருந்த காலம் அது. மூலதனமும் பொறியியலும் நிலத்தை வெட்டிச் செல்வதைக் கண்ட சமுதாயம், வானிலும் கால்வாயையே கண்டது வியப்பன்று. அமெரிக்கச் செல்வர் லோவல் 1894 முதல் அரிசோனாவில் நிலையம் அமைத்து, துருவப் பனிநீரைப் பாலைநிலங்களுக்குக் கொண்டுசெல்ல அறிவுள்ள உயிரினங்கள் வெட்டியவை இவையென வாதிட்டார். திறந்த கால்வாயில் அத்தனை தொலைவு செல்லும் நீர் பாலையில் ஆவியாகிவிடும் என 1907இல் மறுத்தவர், சோசலிசவாதியும் இயற்கையியலாளருமான அல்பிரட் ரசல் வலஸ் ஆவார். இரணைமடு வாய்க்காலின் கடைமடையில் நீருக்குக் காத்திருந்த எவரும் இதனையே கேட்டிருப்பர். நிலத்தின் சரிவைப் பொருட்படுத்தாது நேர்கோட்டில் நீர் எங்கேனும் ஓடுமா?

கிறீனிச்சில் மோண்டர் என்பார் இதனை வேறுவழியிற் சோதித்தார். கால்வாய்க் கோடுகள் இல்லாத செவ்வாய்ப் படங்களைப் பள்ளிச் சிறுவர் முன் வைத்து, தூரத்திலிருந்து பார்த்து வரையச் செய்தார். தெளிவாகக் காணவியலாத் தூரத்திலிருந்த சிறுவர் சிலர் கோடுகளை வரைந்தனர். 1903இல் இம்முடிபு வெளியாயிற்று. 1909இல் அந்தோனியாடி மூடோனின் 83 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் நோக்கியபோது, கோடுகள் ஒழுங்கற்ற சிறு திட்டுகளாகச் சிதறின. கண் வெறும் வாயிலன்று. பழகிய சிந்தனை அதன் வழியே வெளியேயும் பாய்கின்றது.

ஆகவே, காண்பதைக் காகிதத்தில் வரைவதே முறையான அவதானிப்பாகும். ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுடைய வட்டமொன்றை முன்னரே வரைந்துகொண்டு, கால்மணி நேரமாவது நோக்கியபின், உறுதியாகக் கண்டதை மட்டும் குறித்தல் வேண்டும். நேரம், காற்றின் நிலை, உருப்பெருக்கம் ஆகியவற்றையும் எழுதுதல் வேண்டும். இருவர் தனித்தனியே வரைந்து பின்னர் ஒப்பிடுவது சாலச் சிறந்தது. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தோருக்கு இம்முறை புதிதன்று. சென்ற பங்குனியில் நானும் என் மருமகளும் வியாழனை வரைந்தபோது, நூல்களிற் படித்திருந்த நான் செம்புள்ளியையும் குறித்திருந்தேன். எதுவும் படியாத அவள் குறிக்கவில்லை. அந்நேரத்தில் அப்புள்ளி கோளின் மறுபுறத்தில் இருந்ததென்பதைப் பின்னரே கணித்தறிந்தேன்.

நம்மவரின் மரபும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை முன்னிட்டு, வட்டுக்கோட்டை செமினரியின் அமெரிக்க மிஷனரிமாருக்கும் உள்ளூர்ப் பஞ்சாங்க கணிதருக்குமிடையே கணிப்பு வேறுபாடு எழுந்தது. அதனை மிஷனரிமார் தம் சமயத்தின் வெற்றியாகக் காட்டினர். ஆனால், கருவியேதுமின்றி வாய்ப்பாட்டால் மட்டும் கிரகண நேரத்தைக் கிட்டத்தட்டக் கூறவல்ல மரபு இங்கிருந்தது என்பதும் அதனால் வெளிப்படுகின்றது. அம்மரபின் குறை கணிதத்திலன்று. கணிதம் சில குடும்பங்களின் உடைமையாயிருந்து, மற்றையோருக்குப் பலன் மட்டும் சொல்லப்பட்டதிலேயே இருந்தது. இன்றும் செவ்வாய் தோஷம் எனக்கூறி எத்தனையோ பெண்களின் திருமணம் தடுக்கப்படுகின்றது. போரிலே குடும்பத்தவரை இழந்த பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. துருவத்திற் பனிவெண்மையுடன் ஆடும் அச்செந்நிற வட்டத்தைத் தன் கண்ணாற் பார்த்த பெண்ணுக்கு அவ்வச்சம் உடனே அகலுமென்று கூறேன். கேள்வி கேட்பதற்கான துணிவு பிறக்கக்கூடும்.

2009 யூலை 19ஆம் நாள், அவுஸ்திரேலியாவில் அந்தோனி வெஸ்லி என்னும் ஆர்வலர், தம் 37 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் வியாழனிற் புதியதொரு கருந்தழும்பைக் கண்டார். ஏதோவொரு வான்பொருள் மோதியதன் வடு அது. நிபுணர் காணாததைத் தனிமனிதர் ஒருவர் கண்டது உலகெங்கும் பாராட்டப்பட்டது. அதே யூலையில் முரசுமோட்டை மக்களுட் பெரும்பாலோர் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தனர். அதற்கு முந்திய மாதங்களில் அவர்கள் வானை நோக்கியது எறிகணைக்கும் விமானத்துக்கும் அஞ்சியே. இருகண் தொலைகாட்டியும் அக்காலத்திற் படைக்கருவியாகவே இங்கு அறியப்பட்டது. வானை ஆறுதலாக நோக்குவதற்கு அமைதி வேண்டும். உழைத்தபின் எஞ்சும் ஓய்வு வேண்டும். அறிவியலின் பௌதிக அடிப்படை இதுவே.

எனவே கோள்களைக் காண்பது தனிமனிதரின் பொழுதுபோக்காக நின்றுவிடலாகாது. ஒரு பாடசாலைக்கு 100 மில்லிமீற்றர் தொலைகாட்டி ஒன்றும், வரைபடக் குறிப்பேடுகள் சிலவும் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும். அறுவடை முடிந்த வயலில் ஊரார் வரிசையில் நின்று சனியின் வளையத்தைப் பார்த்து, கண்டதைத் தத்தம் சொற்களிற் சொல்லட்டும். அச்சொற்களை எழுதிவைப்பதில் இலக்கிய மாணவருக்கும் பங்குண்டு.