காசு போட்டால் ஒரு சண்டை (பகுதி 6): கடைப் பலகையும் வீட்டுப் பதிப்பும்

1991இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வீடியோ கேம் கடைகளுக்கு வந்தது ஒரு மின்பலகையாகத்தான். பெட்டி, திரை, குச்சி, பொத்தான், காசு விழும் துளை எல்லாம் கடைக்காரரிடம் ஏற்கெனவே இருக்கும். பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் கடையில் புது ஆட்டம் தயார். ஜப்பானியத் தொழில்துறைச் சங்கமான ஜாமா 1980களின் நடுவில் வகுத்த பொதுச் செருகி இதற்கு வழி செய்திருந்தது. அந்தச் செருகியில் ஆளுக்கு மூன்று பொத்தானுக்குத்தான் வழக்கமாக இடம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கோ குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என்று ஆறு வேண்டும். ஆகவே உதைப் பொத்தான்களுக்கென்று தனிக் கம்பிக்கட்டு ஒன்றைப் பலகையின் வேறொரு பக்கத்தில் செருக வேண்டியிருந்தது. அது கழன்றுகொண்டால் திரையில் இருப்பவன் குத்துவான், உதைக்கமாட்டான்.

பலகையில் சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை காசு, கணினி எதிராளி எவ்வளவு முரடாக மோத வேண்டும் என்பதைக் கடைக்காரர் அவற்றைத் தட்டி முடிவு செய்வார். கடினத்தில் எட்டுப் படிகள் உண்டு. பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்கு எந்தப் படி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிய வழியில்லை. பக்கத்துக் கடையில் எளிதாக வீழ்ந்த எதிராளி இந்தக் கடையில் அசைய மறுப்பதற்கு இதுதான் காரணம்.

கடைப் பதிப்பின் இலக்கணமே காசுதான். ஆள் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும்; ஆனால் அநியாயமாகத் தோற்றோம் என்று தோன்றினால் திரும்பி வரமாட்டார். விண்வெளிச் சுடும் ஆட்டங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே திண்டாடின. இருவர் மோதும் ஆட்டம் வந்ததும் சிக்கல் தானாக அவிழ்ந்தது. மூன்றில் இரண்டு சுற்று வென்றவர் நிற்பார், தோற்றவர் விலகுவார், அடுத்தவர் காசு போடுவார். சில நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் தோற்றே ஆக வேண்டும், அவரைத் தோற்கடித்தது இயந்திரம் அல்ல என்பதால் கோபமும் கடைக்காரர் பக்கம் திரும்பாது.

கடைகளில் ஓடியதெல்லாம் கேப்காமின் சொந்தப் பதிப்புதான் என்றும் சொல்ல முடியாது. 1992இல் ‘சாம்பியன் எடிஷன்’ வந்த கையோடு அதன் நிரலைத் திருத்திய கள்ளப் பலகைகள் ஆசியாவிலிருந்து கிளம்பின. ‘ரெயின்போ’ என்று பெயர் பெற்றது அவற்றுள் ஒன்று. அதில் அந்தரத்தில் இருந்தபடியே தீப்பந்து வீசலாம், சண்டையின் நடுவே ஆளையே மாற்றிக்கொள்ளலாம். அதன் கூடுதல் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு அசல் ஆட்டம் சோம்பலாகத் தெரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் கேப்காம் வேகத்தைக் கூட்டி ‘டர்போ’ பதிப்பைக் கொண்டுவந்ததற்கு இந்தக் கள்ளப் பலகைகளும் ஒரு காரணம்.

வீட்டுப் பதிப்பின் கதை 1992இல் சூப்பர் நின்டெண்டோவில் தொடங்குகிறது. கடைப் பலகையில் படங்களுக்கு மட்டுமே 48 மெகாபிட் சில்லுகள். வீட்டுக் கெசட்டில் ஒலி, படம், நிரல் எல்லாம் சேர்த்து 16 மெகாபிட். கடைப் பலகையின் செயலி 10 மெகாஹெர்ட்சில் ஓடியது, வீட்டு இயந்திரத்தினுடையது 3.58இல். திரையின் அகலம் 384 புள்ளியிலிருந்து 256 ஆகச் சுருங்கியது. ஆகவே வெட்டினார்கள், ஆனால் எங்கே வெட்டினால் ஆட்டக்காரர் பொறுப்பார் என்று தெரிந்து வெட்டினார்கள். உருண்டு விழும் பீப்பாய்களை உடைக்கும் இடைச்சுற்று போய், செங்கல் சுவரை உடைக்கும் சுற்று வந்தது. அடியின் வேகம், எட்டும் தூரம், ஒரு நகர்வுக்குப் பிறகு ஆள் நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் ஆகியவற்றைக் கூடியவரை காப்பாற்றினார்கள். அந்தக் கெசட் 63 லட்சம் பிரதிகள் விற்றதற்கு இந்தத் தேர்வே அடிப்படை. வாயால் தீ உமிழ்ந்து, கைகால்களை ரப்பர்போல் நீட்டும் தால்சிமும் பின்னணியில் அவரது யானைகளும் வீட்டுக்கு வந்து சேர்ந்தனர். இந்தியர் என்றாலே யோகமும் யானையும்தான் என்ற ஜப்பானியக் கற்பனைக்கு நினைவகச் செலவு செய்ய அவர்கள் தயங்கவில்லை.

சேர்ந்த பொருளும் உண்டு. முதல் கடைப் பதிப்பில் இருவரும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டுப் பதிப்பில் கேப்காம் சின்னம் தோன்றும்போது கீழ், ஆர், மேல், எல், ஒய், பி என்று அழுத்தினால் அந்தத் தடை நீங்கும். பொத்தான் விஷயத்திலும் சூப்பர் நின்டெண்டோவுக்கு அதிர்ஷ்டம்: முகப்பில் நான்கு, தோளில் இரண்டு, ஆக ஆறு. சேகாவின் மெகா டிரைவ் கைப்பிடியில் மூன்றே இருந்ததால், ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தி அழுத்திக் குத்துக்கும் உதைக்கும் மாற வேண்டியிருந்தது. 1993இல் சேகா ஆறு பொத்தான் கைப்பிடியை வெளியிட்ட பிறகே நிலைமை சீரானது.

மலேசியாவில் வேறொரு சங்கடம். இங்கே அன்றைய தொலைக்காட்சி முறை பால்; நொடிக்கு 50 படம். கடைப் பலகைகள் கிட்டத்தட்ட 60இல் ஓடின. பால் முறைக்கெனச் செய்யப்பட்ட ஐரோப்பிய இயந்திரங்களில் பல ஆட்டங்கள் மெதுவாக ஓடி, திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது. ஜப்பானிய இயந்திரம் வாங்கியவருக்கு வேகம் சரியாக இருந்தது. ஆனால் பால் முறையோடு ஜப்பானிய முறையையும் ஏற்கும் தொலைக்காட்சி வேண்டியிருந்தது.

இழப்பு எல்லை மீறினால் என்னவாகும் என்பதற்கு ‘எக்ஸ்மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ நல்ல சான்று. 1996இல் கடைக்கு வந்த அந்த ஆட்டத்தின் உயிர், சண்டையின் நடுவே கூட்டாளியை உள்ளே அழைப்பது. அதற்கு நான்கு ஆள்களின் படங்களும் எந்நேரமும் நினைவகத்தில் இருக்க வேண்டும். பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். அதனால் அதன் பதிப்பில் ஆள் மாற்றமே எடுக்கப்பட்டு, கூட்டாளி எட்டிப் பார்த்து உதவுவதோடு சரி. சேகா சாட்டர்னில் 4 மெகாபைட் நினைவக அட்டையைக் கூடுதலாகச் செருகியதால் ஆட்டம் முழுமையாக வந்தது, ஆனால் ஜப்பானில் மட்டும்.

நாம்கோ நிறுவனம் எதிர்த் திசையிலிருந்து வந்தது. 1994இல் ‘டெக்கன்’ ஓடிய கடைப் பலகையே பிளேஸ்டேஷனை அடிப்படையாகக் கொண்டது. இரு கை, இரு கால் என நான்கு பொத்தான். பிளேஸ்டேஷன் கைப்பிடியின் நான்கு குறிகளுக்குச் சொல்லி வைத்ததுபோல் பொருந்தின. 1998இல் வீட்டுக்கு வந்த ‘டெக்கன் 3’ பின்னணிக் காட்சிகளில் கொஞ்சம் இழந்து, தெருவில் நடந்து சண்டையிடும் பகுதியையும் பந்தாட்டத்தையும் பெற்றது. 1999இல் டிரீம்காஸ்டில் வந்த ‘சோல்காலிபர்’ கடைப் பதிப்பைவிட அழகாகவே இருந்தது.

அதே காலத்தில் மலேசியாவில் கடைகளே அருகத் தொடங்கின. பல கடைகளில் சூதாட்ட இயந்திரங்களும் ஓடின. பள்ளி நேரத்தில் மாணவர்கள் அங்கே கிடக்கிறார்கள் என்ற புகாரும் இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி அரசாங்கம் அவற்றை மூடும் முடிவுக்கு வந்தது. பேரங்காடிகளுக்குள் இயங்கும் குடும்ப விளையாட்டு மையங்கள் கார் ஓட்டம், கூடைப்பந்து, பரிசுச் சீட்டு இயந்திரங்களை நம்பின. ஜொகூர் பாரு இளைஞருக்குச் சண்டை ஆட்டம் என்றால் வீட்டுப் பதிப்பு என்றாகிவிட்டது. அதுவும் பெரும்பாலும் சிப் மாற்றிய பிளேஸ்டேஷனில், சில வெள்ளிக்குக் கிடைத்த கள்ள வட்டில். அந்த வட்டுகளுக்காக ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரிலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். மலேசியாவில் வட்டுத் தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2000இல்தான் இயற்றப்பட்டது.

பாலத்தின் மறுபக்கத்தவர் ஒருவர் வென்ற பட்டத்திலும் கடைக்கும் வீட்டுக்குமான வேறுபாட்டுக்குப் பங்கு உண்டு. 2008இல் கடைக்கு வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’இல் ஜென் என்ற கிழட்டு வீரர் கிடையாது. 2009இன் வீட்டுப் பதிப்பில்தான் கேமி, சகுரா போன்றோருடன் அவரும் சேர்க்கப்பட்டார். 2013இல் எவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியில் சிங்கப்பூரின் சியான் அந்த ஜென்னை வைத்தே ஜப்பானின் டோக்கிடோவை வென்றார். போட்டி நடந்ததும் எக்ஸ்பாக்ஸ் 360இல், அதாவது வீட்டு இயந்திரத்தில்.

‘டெக்கன் 7’ ஜப்பானியக் கடைகளில் 2015இல் தொடங்கி, வீட்டுக்கு வர 2017 ஆனது. அந்த இடைவெளி அத்துடன் முடிந்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ 2023 ஜூனில் வீடுகளுக்கு வந்த பிறகே, டிசம்பரில் ஜப்பானியக் கடைகளுக்குப் போனது. 2024 ஜனவரியில் வந்த ‘டெக்கன் 8’ கடைப் பதிப்பே இல்லாமல் வெளியானது.