வாயிற் காவலும் கருவிச் செலவும்

புதிதாக இல்லம் எடுப்போன் கதவு வாங்கச் செல்லுமுன் வாயிலை அளந்து கொள்கின்றான். எவ்வாயில் வழியே இல்லத்தார் வருவர், எவ்வாயில் தெருவை நோக்கியது, எவ்வாயிற்குப் பின் நெற்குதிர் உள்ளது என்பவற்றை எண்ணிப் பார்த்த பின்னரே, எதற்குத் தேக்கங்கதவு, எதற்கு வெறும் படல் எனத் துணிகின்றான். வாயிலை அளவாது கதவை வாங்குவோன் பொருளையும் இழப்பான், காவலையும் இழப்பான். நாட்டின் எல்லையையும் போக்குவரத்தையும் காத்தற்குக் கருவி வாங்குவாரது நிலையும் இதுவே. எக்கருவியை, எவ்விடத்தில், எத்துணைப் பொருள் செலவிட்டு அமைத்தல் தகும் என முன்கூட்டித் திட்டமிடுதல் இக்காலத்தில் ஒரு தனித் துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையின் அடிப்படைகளை நமக்கு அணித்தாயுள்ள ஓரிடத்தை வைத்து விளக்குதலே யாம் ஈண்டு மேற்கொண்ட பணி. அவ்விடம் கடலூர்ச் சிப்காட் தொழிற்பேட்டை.

சிப்காட் என்பது 1971 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாட்டரசின் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் சுருக்கப் பெயர். அக்கழகம் அமைத்த தொழிற்பேட்டைகளுள் ஒன்று, கடலூரினின்று சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பச்சையாங்குப்பம் முதல் சங்கொலிக்குப்பம் வரை பரந்து கிடக்கின்றது. மருந்துச் சரக்கு, சாயம், பூச்சிக்கொல்லி முதலியவற்றைச் செய்யும் இரசாயன ஆலைகள் பல ஆங்கு உள. கிழக்கே உப்பனாறு, அதற்கு அப்பால் வங்கக் கடல். சாலையோ இரவு பகலாக டாங்கர் லாரிகளைச் சுமக்கின்றது. விழுப்புரத்தினின்று மயிலாடுதுறைக்குச் செல்லும் இருப்புப்பாதை அருகிலுள்ள சிற்றூர்களின் வழிகளைக் குறுக்கிட்டுச் செல்கின்றது. ஆகவே கடல், சாலை, இருப்புப்பாதை என இவ்விடத்திற்கு வாயில்கள் மூன்று. மூன்றையும் காத்தல் வேண்டும். அதற்கெனக் கிடைக்கும் பொருளோ ஓர் அளவிற்கு உட்பட்டது. எவ்வாயிற்கு முதலிற் செலவிடுவது?

இவ்வினாவிற்கு விடை காண்பார் மூன்று செய்திகளை ஆராய்வர். தீங்கு நேரும் வாய்ப்பு எத்துணை என்பது ஒன்று. நேரின் அதனைத் தடுக்க நம்மிடமுள்ள அரண் எத்துணைத் தளர்ந்துள்ளது என்பது மற்றொன்று. தடுக்கத் தவறின் விளையும் கேடு எத்துணைப் பெரிது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கி வரும் அளவே இடரின் அளவு. எளிதில் நேராததாயினும் நேர்ந்தால் ஊரையே அழிப்பது ஒன்று. நாள்தோறும் நேரினும் சிறு கீறலோடு ஒழிவது பிறிதொன்று. வெறும் எண்ணிக்கையை மட்டும் நோக்குவோன் முன்னதை மறப்பான். அச்சத்தை மட்டும் நோக்குவோன் பின்னதைப் புறக்கணிப்பான். இரண்டையும் ஒருங்கு நோக்குதலே திட்டமிடுதல்.

முதற்கண் கடல் வாயிலைக் காண்போம். தமிழ்நாட்டின் கடற்கரை 1,000 கிலோமீட்டருக்கும் மிக்க நீளமுடையது. அதனைக் காத்தற்கு 1994 இல் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தோற்றுவிக்கப்பட்டது. இந்திய அரசினர் 2005 இல் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்துக் காவல் நிலையங்களும் விரைவுப் படகுகளும் அமைக்கப் பொருள் வழங்கினர். அத்திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 2008 நவம்பர் 26 ஆம் நாளில், பத்துப்பேர் கடல் வழியே மும்பைக்குள் புகுந்து 166 உயிர்களைக் கொன்றனர். அவர்கள் போர்க்கப்பலில் வந்தாரல்லர். குபேர் என்னும் இந்திய மீன்பிடிப் படகைக் கவர்ந்து அதிலேயே வந்தனர். கடலில் மிதக்கும் எண்ணிறந்த படகுகளுள் அதுவும் ஒன்றாகவே தோன்றிற்று.

ராடார் என்னும் கருவி வானொலி அலைகளைச் செலுத்தி, பொருள்மேற் பட்டு மீளும் எதிரலையைக் கொண்டு அப்பொருளின் இடத்தை அறிவிப்பது. ஆயினும் அங்கே ஒன்று உளது என்று மட்டுமே அது கூறும். உள்ளது நட்போ பகையோ என்று கூறாது. மரத்தானும் இழைக்கண்ணாடியானும் ஆன சிறு படகுகளின் எதிரலை மிக மெலிந்தும் இருக்கும். எனவே, மும்பைத் துயருக்குப் பின்னர், கரையோரங்களில் ராடார் நிலையங்கள் நிறுவப்பட்டதோடு மீனவர்க்கு அடையாள அட்டைகளும் வழங்கப்பட்டன. பின்னர் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆக்கிய டிரான்ஸ்பாண்டர் என்னும் சிறு கருவியைப் படகுகளிற் பொருத்தும் முயற்சி எழுந்தது. ஒரு இலட்சம் படகுகளுக்கு அதனை அளிக்கும் திட்டம் ஏறத்தாழ 360 கோடி ரூபாய் மதிப்பில் 2024 இல் தொடங்கப் பெற்றது. வகுத்து நோக்கின் படகு ஒன்றுக்கு 36,000 ரூபாய் ஆகும்.

இக்கருவியிற் கருதத்தக்க சிறப்பு ஒன்று உண்டு. படகு இருக்குமிடத்தைக் காவலர்க்கு அறிவிப்பது அதன் ஒரு பயன். புயல் வருதலை மீனவர்க்கு அறிவித்தலும், கடலெல்லையை அணுகுங்கால் எச்சரித்தலும், இடுக்கண் உற்றபோது அவர் குரலைக் கரைக்கு எட்டச் செய்தலும் மற்றைப் பயன்கள். தன்னைக் கண்காணிக்க மட்டுமே வைத்த கருவியை எவனும் விரும்பிப் பேணான். தன் உயிரைக் காக்கும் கருவியையோ துடைத்து வைத்துக் காப்பான். ஆதலின், பயன்படுத்துவோர்க்கு என்ன நன்மை என்னும் வினாவைத் திட்டமிடுவோர் முதலிலேயே எழுப்புதல் வேண்டும். மும்பையில் அப்பத்துப்பேர் கரையேறியபோது அவர்களைக் கண்டு ஐயுற்று வினவியவர் மீனவரே என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. கடலிற் காண்பதை அறிவிக்க 1093 என்னும் எண்ணும், கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணும் இன்று உள. விலையுயர்ந்த ராடாரோடு ஒப்பிடின், ஒரு தொலைபேசி எண்ணிற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இவ்வுண்மையைப் புறக்கணித்தால் விளைவது யாது என்பதற்கு அமெரிக்க நாடு சான்று பகர்கின்றது. மெக்சிக்கோ எல்லையைக் காக்க, கோபுரங்களின் மீது ராடார்களையும் காமிராக்களையும் நிறுத்திக் கண்ணுக்குப் புலனாகாத வேலி ஒன்றை எழுப்ப 2006 இல் அந்நாட்டினர் தொடங்கினர். காற்றில் ஆடும் புதரும் பெய்யும் மழையும் பொய் எச்சரிக்கைகளை எழுப்பின. எல்லையிற் காவல் செய்வாரைப் போதிய அளவு கலந்து கொள்ளாமலே வகுத்தனர் என்ற குறையும் சொல்லப்பட்டது. ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவான பின்னர், அரிசோனா மாநிலத்தில் 53 மைல் மட்டுமே முடிந்த நிலையில், 2011 சனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. வாயிலை அளவாது கதவை வாங்கிய கதை இதுவேயன்றோ?

இனிச் சாலை வாயிலுக்கு வருவோம். சிப்காட் ஆலைகளுக்கு வரும் டாங்கர்களிற் பல, தீப்பற்றுவனவும் நச்சுத்தன்மை உடையனவுமாகிய பொருள்களைத் தாங்கி வருவன. இவற்றின் பொருட்டு 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சில கட்டளைகளை விதித்துள்ளன. வண்டியின் மீது, ஏற்றியுள்ள பொருளின் பெயர், அதன் உலகப் பொதுக் குறியெண், இடர் வந்தால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய பலகை இருத்தல் வேண்டும். ஓட்டுநர் அதற்குரிய பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். வண்டி செல்லும் இடத்தை அறிவிக்கும் கருவி பற்றிய விதிகளும் பின்னர்ச் சேர்ந்தன.

இவற்றுள் மலிவானது பலகையே. ஆயினும் இடர் நேர்ந்த முதல் நாழிகையில் அதனினும் பயனுள்ளது வேறில்லை. கவிழ்ந்த வண்டியில் இருப்பது இன்னது என்றறியாமல் தீயணைப்போர் நெருங்கவும் இயலாது. சில பொருள்களின் மீது நீரை ஊற்றின் கேடு மிகும். 2012 ஆகஸ்ட் 27 ஆம் நாள் கேரளத்துக் கண்ணூரை அடுத்த சாலா என்னுமிடத்தில் எரிவாயு டாங்கர் ஒன்று கவிழ்ந்து தீப்பற்றி 20 பேர் மாண்டனர். சாலையோரத்து வீடுகளும் எரிந்தன. ஒரே ஒரு வண்டி ஒரு தெருவையே அழிக்க வல்லது என்பதை நாம் அதனாற் கண்டோம்.

மூன்றாவது இருப்புப்பாதை வாயில். இதனை எழுதுங்கால் எம் கை நடுங்குகின்றது. 2025 சூலை 8 ஆம் நாள் காலை, தொழிற்பேட்டைக்கு அண்மையிலுள்ள செம்மங்குப்பத்தில், இருப்புப்பாதையைக் கடந்த பள்ளி வேன் ஒன்றின் மீது விழுப்புரம்–மயிலாடுதுறைத் தொடர்வண்டி மோதிற்று. மாணாக்கர் மூவர் உயிரிழந்தனர். அவ்விடத்துக் கேட்டிற்குக் காவலர் இருந்தார். ஆனால் இன்டர்லாக்கிங் என வழங்கும் பிணைப்புப் பூட்டு இல்லை.

அப்பூட்டு செய்யும் வேலை எளிதில் விளங்கும். பூட்டில்லாத கேட்டில், வண்டி வருவதை நிலைய அலுவலர் தொலைபேசி வாயிலாகக் கேட்காவலருக்கு அறிவிக்க, அவர் கதவை அடைப்பார். இருவருள் ஒருவர் அயர்ந்தாலும், கேட்டது பிழைபட்டாலும், கதவு திறந்தபடியே வண்டி வந்துவிடும். பூட்டுள்ள கேட்டிலோ, கதவு அடைந்து பூட்டப்பட்டாலன்றிக் கைகாட்டி விளக்கு வண்டிக்கு வழி விடாது. வழிவிட்ட பின் வண்டி கடந்தாலன்றிக் கதவு திறவாது. மனிதனது அயர்ச்சியை இயந்திரம் தாங்கிக் கொள்கின்றது. அகல இருப்புப்பாதைகளில் ஆளில்லாக் கேட்டுகள் 2019 சனவரிக்குள் அறவே ஒழிக்கப்பட்டன. ஆளிருந்தும் பூட்டில்லாத கேட்டுகளோ எஞ்சி நின்றன.

எக்கேட்டிற்குப் பூட்டு அமைப்பது என்பதைத் துணிய ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளிற் செல்லும் தொடர்வண்டிகளின் தொகையைச் சாலை வண்டிகளின் தொகையாற் பெருக்குவர். அவ்வெண் 20,000 என்னும் எல்லையைத் தாண்டினால் பூட்டு என்பது முன்னைய விதி. செம்மங்குப்பத் துயருக்கு மறுநாளே அவ்வெல்லை 10,000 ஆகக் குறைக்கப்படும் என்றும், கேட்டுகளிற் காமிராக்கள் பொருத்தப்படும் என்றும் இரயில்வே அமைச்சர் அறிவித்தார். இது வரவேற்கத் தக்கதே. கணக்கு என ஒன்று இல்லையாயின், உரக்கக் கூவுவோர் ஊருக்கே பொருள் சென்று சேரும்.

ஆயினும் யாம் ஓர் ஐயத்தை எழுப்ப விழைகின்றோம். நாளொன்றுக்கு 20 தொடர்வண்டிகளும் 400 சாலை வண்டிகளும் செல்லும் கேட்டு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பெருக்கி வருவது 8,000. புதிய எல்லைக்கும் அது உட்படாது. ஆனால் அந்நானூற்றுள் பத்து பள்ளி வண்டிகளாகவும் இருபது இரசாயன டாங்கர்களாகவும் இருப்பின்? வெற்று லாரியும் ஒன்று. நச்சுப்பொருள் நிறைந்த டாங்கரும் ஒன்று. முப்பது குழந்தைகள் அமர்ந்த வேனும் ஒன்று. மேலே கூறிய மூன்றனுள் கேடு நேரும் வாய்ப்பை மட்டுமே இக்கணக்கு அளக்கின்றது. விளைவின் பெருமையை அளக்கவில்லை. எனவே பள்ளி வண்டிக்கும் டாங்கருக்கும் மிகுந்த நிறை கொடுத்துக் கணக்கிடுதல் வேண்டும் என்பதே எம் கருத்து. இதற்குப் புதிய கருவி வேண்டுவதில்லை; கணக்கேட்டில் ஒரு புதிய வரிசை போதும். சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளைச் சூழ்ந்த கேட்டுகளின் வரிசை அதனால் மாறிவிடும்.

மூன்று வாயில்களையும் ஒருங்கு நோக்கின் கருவிகள் மூவகைப்படும். தீங்கைத் தடுப்பன ஒருவகை. பிணைப்புப் பூட்டு இதன்பாற்படும். தீங்கை உரிய காலத்தில் அறிவிப்பன மற்றொரு வகை. டிரான்ஸ்பாண்டரும் டாங்கரின் பலகையும் இதன்பாற்படுவன. நேர்ந்ததைப் பின்னர் எடுத்துக் காட்டுவன மூன்றாம் வகை. காமிரா பெரும்பாலும் இவ்வகையதே. அது குற்றவாளியைக் காட்டும். இழந்த உயிரை மீட்காது. ஆகவே முதல்வகைக்கு முதலிடமும் மூன்றாம் வகைக்கு இறுதியிடமும் அளித்தல் அறிவுடைமை. கண்ணுக்குத் தெரிவதும் எளிதில் வாங்கத் தக்கதும் காமிராவே ஆதலின், வரிசை தலைகீழாதல் உலகியற்கை.

இறுதியாக ஒன்று. வாங்கிய விலையோடு செலவு முடிவதில்லை. கடலூரின் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். 2011 டிசம்பர் 30 ஆம் நாள் தானே புயல் வீசியபோது மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பல நாள் இருளில் மூழ்கின. மின்சாரம் அற்ற கருவி ஊமை. எனவே மின்கலம், உதிரி உறுப்பு, பழுதுபார்ப்போர் ஊதியம், காவலர்க்கு ஓய்வு ஆகியவற்றிற்கும் திட்டத்திலேயே பொருள் ஒதுக்குதல் வேண்டும். நம் கடற்கரையில் நடைபெறும் சாகர் கவச் என்னும் ஒத்திகையில், காவலரே பகைவர் போல் வேடமிட்டுக் கரையேற முயல்வர். பிடிபட்டால் காவல் நன்று, பிடிபடாவிடின் குறை தெரியும். இத்தகைய சோதனை சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் வேண்டும்.

எம் உடன் பயில்வோருள் சிலர் நாள்தோறும் இவ்வழியே தொடர்வண்டியில் வருகின்றனர். கேட்டருகே பள்ளி வேன் ஒன்று நிற்பதைச் சாளரத்தின் வழியே கண்டால் அவர்கள் பேச்சு இன்றும் ஒரு கணம் நின்றுவிடுகின்றது. வேனில் இருக்கும் குழந்தை கருவியையோ கணக்கையோ அறியாது. பெரியோர் காப்பர் என்று நம்பி அமர்ந்திருக்கின்றது. அந்நம்பிக்கைக்கு ஏற்ற நிறையைக் கணக்கில் இடுதல் திட்டமிடுவோர் கடன்; இடப்பட்டதா என வினவுதல் கற்ற நம் அனைவரின் கடன்.